எண்ணூறில் இருநூற்றுப் பன்னிரண்டு

காரைக்கால். அரசலாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி
செலின் வீட்டுச் சமையலறை.
தக்கைத் திருகி கிடைக்கவில்லை.
கதவுத் திருகாணி ஒன்று, ஒரு குறடு,
முழங்கால்களுக்கு நடுவே புட்டி.
"பிடிச்சுக்க ஞானசௌந்தரி, நல்லாப் பிடிச்சுக்க" என்று
என் பெயரை முழுதாய்ச் சொல்லி இழுத்தாள்.
பாதித் தக்கை வெளியே வந்தது,
மீதி உள்ளே விழுந்தது.
டீ வடிகட்டியில் வடித்தோம்,
எவர்சில்வர் டம்ளரில்.

சிவப்பு என்றாள்.
எனக்கு அது நாவற்பழம் உதிர்ந்து மிதிபட்ட
தாலுகா ஆபீஸ் வாசல்.

இருமல் மருந்துபோல் இனிக்குமென்று வாயில் வைத்தேன்.
முதலில் பாக்குத் துவர்ப்பு.
அப்புறம் மிளகு, இடிக்காத முழு மிளகு.
அப்புறம், சொன்னால் சிரிப்பாள்,
கருவாட்டுக் கூடையைக் கழுவிக் கவிழ்த்த இடத்து வாசம்.
தொண்டைக்குக் கீழே இரும்பு,
அடிபம்பில் வாய்வைத்துக் குடித்த மாதிரி.

"பழம் எங்கடி இதுல?"
"பழமெல்லாம் சின்னக் கொடிக்கு.
இது கெழட்டுக் கொடி."

தெற்கு பிரான்சில் ஆறே பேர் இருக்கிற தோட்டம்,
முதலாளியையும் சேர்த்து.
கணக்கு எழுதுகிற இவளே
அறுவடை மாதம் கத்தரிக்கோல் பிடிக்க வேண்டும்.
கொடிகளுக்கு வயது தொண்ணூற்று மூன்று.
தண்ணீர் விடுவதில்லை.
விட்டால் கெட்டுவிடும் என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்தேன்.
தண்ணீர் விட்டால் கெட்டுவிடும்.
கடைமடையில் இந்த வாக்கியத்தை
யார் வீட்டு வாசலில் நின்று சொல்வது?

"ஒரு கொடிக்கு அரைப் புட்டிதான் தேறும்.
அதுக்குத்தான் அந்த வெலை."

நான் புள்ளியியல் துறை.
தற்செயல் எண் பட்டியல் காட்டுகிற வயலில்
ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி
அறுத்து, அடித்து, தூற்றி
கொக்கித் தராசில் மாட்டுவேன்.
போன வாரம் தலைஞாயிறு.
ஆறு வந்து சேர்வதற்குள் மாதம் மாறிவிடுகிற ஊர்.
அஞ்சலாட்சி வயலில் நான்கு கிலோ இருநூறு.
தராசு முள்ளையும் என்னையும் பார்த்து
"இன்னுங் கொஞ்சம் கொறச்சு எழுதும்மா" என்றாள்.
குறைந்தால்தான் காப்பீடு.
நான்கு இருநூறு என்றே எழுதினேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
என் பேனாவைத் திருப்பித் தர மறந்தாள்,
அல்லது மறக்கவில்லை.

செலினிடம் இதைச் சொன்னபோது
சுறாப்புட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.
அதோடு இரண்டாம் டம்ளர்.
இப்போது அது குடிக்கிற பொருளாக இல்லை,
தொட்டுக்கொள்கிற பொருளாக இருந்தது.

லேபிளில் மசியால் ஓர் எண், கையால் எழுதியது.
எண்ணூறில் இருநூற்றுப் பன்னிரண்டு.
"ஏன் இந்த நம்பர்?"
"பெட்டியத் தொறந்தேன். கைல வந்துச்சு."

மிச்சத்தைக் காகிதம் அடைத்து எனக்கே கொடுத்தாள்.

வாஞ்சூர் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது.
என் பையில்
கயிறு, நான்கு முளைக்குச்சி, தராசு, அரைப் புட்டி.
ஏட்டு காகிதத்தை உருவி மோந்தார்.
முகம் கோணியது.
"கெட்டுப்போச்சேம்மா இது."
"இல்ல சார், அது அப்பிடித்தான்."
"என்ன வெலை?"
சொன்னேன்.
பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.
"கெட்டுப்போனதுக்கெல்லாம் கேஸ் எழுத முடியாது, போ"
என்று பையிலேயே போட்டார்.

நாகப்பட்டினம் வந்து, விளக்குப் போடுவதற்கு முன்
புட்டிக் கழுத்தில் சணல் முடிந்து
கொக்கியில் மாட்டிப் பார்த்தேன்.
தொள்ளாயிரத்து இருபது, கண்ணாடியோடு.
கண்ணாடி எவ்வளவு என்று தெரியாது.
அதைத் தெரிந்துகொள்ள
முழுவதையும் குடிக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்குக் கீழையூர்.
சர்வே எண்ணை இன்னும் பார்க்கவில்லை.
வேறு பேனா தேட வேண்டும்.