வலது மூலைக் குழி

பஞ்சிகாவத்தையில் வாங்கியது.
கழற்றிய கார்க் கதவுகளுக்கு நடுவே
ஒரு மீன் பெட்டியில் குப்புறக் கிடந்தது.
"ஹஸ்பண்டுக்கா?" என்றார் இஃப்திகார் நானா.
எனக்கு என்றேன்.
விலையில் ஐந்நூறு ஏறியது.
ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஓடியது.
கடையில் எல்லாம் ஓடும்.

வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், ஏழு நிமிடம்.
பிறகு ஒரு இருமல், ஒரு நீலப் பொறி, கருகல் வாசம்.
தொட்டால்
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி
என்று எழுத வந்தேன். இல்லை,
அயர்ன் பெட்டி.

பெல்கனி அகலம் ஐந்தடி.
அதற்குள் மேசை, நான், மெசின்,
எங்கள் மாடிக்காரர் சங்கத்தின் கரம் போட்.
யாரோ அதன்மேல் ரைஸ் குக்கரை இறக்கி வைத்து
நடு வட்டத்துக்கு வெளியே
இன்னொரு வட்டம் உண்டாக்கியிருந்தார்கள்.
விசாரித்தால்
இந்தக் கட்டிடத்தில் யாருமே சோறு சமைப்பதில்லை.

கீழ்வீட்டு சோமசிறிக்குத் துறைமுகத்தில் இரவு வேலை.
ஏழு நிமிடத்துக்கே படியேறி வந்துவிட்டார்,
சாரமும் கலைந்த தலையுமாக.
"மிஸ், நான் தூங்குறது பகல்ல."
அதற்குப் பிறகு
ரயில் வரும்போது மட்டும்தான் சுவிட்ச்.
பாணந்துறை ரயிலென்றால் அரை நிமிடம் மரம் தேயும்.
நிற்காமல் போவதென்றால்
கையை வைக்குமுன்னே முடிந்துவிடும்.

ஆனால் பாருங்கள்,
இப்படி விட்டு விட்டு ஓட்டிய நாள் முழுக்க
அது ஒரு தரமும் நிற்கவில்லை.
அப்போதுதான் பிடிபட்டது:
இதன் வருத்தம் சூட்டில்.

நாலு ஆணி கழன்றது. மூடி அசையவில்லை.
ஐந்தாவது ஆணி ஸ்டிக்கருக்குக் கீழே.
முக்கால் மணி நேரம் அதற்கே போனது.
உள்ளே விசிறியின் இறக்கை தெரியாமல் தூள்,
மேலே சிவப்பு, கீழே மஞ்சள்,
அதற்கும் கீழே கறுப்பு.
மஞ்சள் பலா, அதில் சந்தேகமில்லை.
சிவப்பு மஹோகனியாக இருக்கலாம்.
கறுப்பை முகர்ந்தேன்.
மரமே இல்லை, யார் வீட்டுக் கதவிலோ இருந்த பெயின்ட்.
பழைய பல் பிரஷ்ஷால் மூன்றையும்
ஒரே கடதாசியில் தட்டினேன்.

காபன் இரண்டில் ஒன்று நகமளவு இருந்தது.
மற்றது பயறளவு.
அதே அளவில் புதியது கேட்டால்
புறக்கோட்டை முழுக்கக் கையை விரித்தது.
கிரைண்டருக்கு உள்ளது கிடைத்தது, ஒரு முடி தடிப்பு.
தேய்க்கிற மெசினுக்காக
அதன் சொந்தத் தாளில், கையால்
காபனைத் தேய்த்தேன்,
பொருத்திப் பார்த்து, எடுத்து, மறுபடி தேய்த்து.
சத்தமே இல்லை.
இரண்டு ரயில்கள் வீணாய்ப் போயின.

எல்லாம் பூட்டி சுவிட்சைப் போட்டால்
மூச்சில்லை.
திரும்பவும் ஐந்து ஆணி. வயரைத் தடவினேன்.
இஃப்திகார் நானாவை நல்ல தமிழில் திட்டினேன்.
அப்போது லிஃப்டுக்குள்ளிருந்து
யாரோ கதவைத் தட்டும் சத்தம்.
கரண்ட் போய்
பத்து நிமிடம் ஆகியிருந்தது.

வந்ததும் ஓடியது.
சோமசிறி லீவில் ஊர் போயிருந்த அந்த ஞாயிறு
ஏழு நிமிடம் தாண்டியது. எட்டு.
குக்கர் வட்டம் மங்கி, மங்கி, காணாமல் போனது.
ஒன்பதாவது நிமிடம்
மணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே
மெசினை ஒரே இடத்தில் வைத்திருந்துவிட்டேன்.
வலது மூலைக் குழிக்கு முன்னால், இரண்டு விரல் அகலம்.
கோடெல்லாம் கீறி, வார்னிஷும் பூசிய பிறகு
கண்ணுக்குத் தெரியாது.
காய்க்குத் தெரியும்.
நேரே போய்
அங்கே ஒரு சின்னத் தலையாட்டலோடு திரும்பி
உள்ளே விழும்.

யாரிடமும் சொல்லவில்லை.
சோமசிறி இப்போது வேலைக்குப் போகுமுன்
ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போகிறார்.
வந்ததும் கதிரையைத் தூக்கி
அந்தக் குழிக்கு நேரெதிரே போடுகிறார்.
அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால்
காற்று வரும் இடம், எழும்பு என்கிறார்.
அந்தப் பக்கம் காற்று வராது.
நான் பவுடரைத் தூவிவிட்டுப்
பேசாமல் இருக்கிறேன்.