எழுபத்தைந்து கிலோ

எங்கள் கப்பலில் ஒருவன் சம்பளம் வாங்குவதில்லை.
ஆரஞ்சு நிற முழு உடுப்பு,
மணிக்கட்டில் கட்டிவிட்ட கையுறை,
துணிமுகத்தில் யாரோ மார்க்கரால் வரைந்த மீசை.
பெயர் ஓஸ்கார்.
இரண்டு மாதத்துக்கொரு முறை
அவன் அடித்தட்டில் மயங்கி விழுவான்,
நாங்கள் தூக்கி எடுப்போம்.

எழுபத்தைந்து கிலோ என்று
முதுகில் எழுதியிருக்கும்.
பொய்.
எனக்கு முன்னிருந்த மூன்றாம் அதிகாரி
மணலைக் கொட்டிவிட்டு
கிழிந்த மிதவைச் சட்டைகளைத் திணித்திருந்தார்.
பொறுப்பை ஒப்படைத்த அன்று கண்ணடித்தார்:
'இடுப்புக்கும் நல்லது லோரெலி,
போட்டோவுக்கும் நல்லது.'

அப்படித்தான் ஏட்டில் ஓஸ்கார்
நான்கே நிமிடத்தில் பிழைத்துக்கொண்டிருந்தான்.
ரோட்டர்டாமில் ஏறிய ஆய்வாளர்
நான்குகளைப் புரட்டிப் பார்த்தார்,
நன்று என்றார்,
காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார்.

ரீகாவில் ஜனவரி.
மரத்தூளை அழுத்திச் செய்த உருளைகள்,
ஐந்து கிடங்கிலும் விளிம்புவரை.
பார்வைக்குக் கோழித்தீவனம்.
இலோயிலோவின் பயிற்சிப் பள்ளியில் எழுதிப்போட்டிருந்தார்கள்:
அறுத்த மரமும் மூச்சு விடும்,
மூடிய இடத்தில் காற்றைத் தின்று தீர்க்கும்.
நானும் எழுதிக்கொண்டேன்.
அந்தத் தாளில் எண்பத்தெட்டு மதிப்பெண்.

மூன்றாம் கிடங்கின் ஏணிக்குழிக்குள்
போசன் கிரிசாந்தோ இறங்கியது
ஒரு துடைப்பத்துக்காக.
மீட்டர் என் அறையில் சார்ஜில் இருந்தது.
அனுமதிச் சீட்டு அச்சு இயந்திரத்தில் சிக்கியிருந்தது.
பதினேழு மணி நேரமாக அவர் நின்றுகொண்டே இருந்தார்:
கயிறு, மூடி, பனி, மறுபடி கயிறு.
ஓய்வு நேர ஏட்டின்படி
அப்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
அந்த மாதம் முழுக்க எல்லோரும்
எங்கே எப்போது தூங்குவோம் என்று
முதல் அதிகாரி ஒன்றாம் தேதியே நிரப்பிவிட்டார்.

ஏழாவது படியில் கை நழுவிய சத்தம்.
பிறகு சத்தமில்லை.

ஜுன்ரே உள்ளே பாயப் போனான். இருபது வயது.
சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்,
பொத்தான் தெறித்தது,
தாய்மொழியில் என்னைத் திட்டினான்.
திட்டட்டும்.
அவன் காலின் மேல் உட்கார்ந்துகொண்டு
வாக்கிடாக்கியில் கத்தினேன்.
முகமூடி வந்தது. காற்று உருளை வந்தது.
கயிறு வந்தது, முடிச்சோடு.
முடிச்சை அவிழ்க்க ஒரு நிமிடம்.
குறுகிய குழியில் உருளை முட்டி நின்றது,
அதற்கு மூன்று.
பிறகு எடை.

எங்களில் ஒருவருக்கும் தெரியாது
ஒரு மனிதன் எவ்வளவு கனப்பான் என்று.
நாங்கள் பழகியிருந்தது
ஒரு தலையணையைக் காப்பாற்ற.

பத்தொன்பது நிமிடம்.
துடைப்பம் இன்னும் கீழேதான் கிடக்கிறது.

கம்பெனியிலிருந்து மின்னஞ்சல்:
வருத்தம், ஒரு பத்தி.
கடைசிப் பயிற்சியின் பதிவை உடனே அனுப்பவும்.
அனுப்பினோம். நான்கு நிமிடம்.
கீழே என் கையெழுத்து,
வளைவெல்லாம் அழகாக.

பிஸ்கே விரிகுடாவில் ஒரு இரவு,
காவல் முடிந்து,
ஓட்டை அடைக்க வைத்திருக்கும் சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்து மணலை
ஓஸ்காரின் கால்களுக்குள் கொட்டினேன்.
சமையலறைத் தராசில் பாதி பாதியாக நிறுத்தேன்.
கப்பல் ஆட ஆட முள்ளும் ஆடியது.
எழுபத்தைந்தோடு நிறுத்தவில்லை.
போசன் எண்பத்தொன்று.

அடுத்த பயிற்சியில் இருபத்திரண்டு நிமிடம்.
ஜுன்ரே இரும்புத் தரையில் மல்லாந்து கிடந்தான்,
உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன.
முதல் அதிகாரி சுராப் ஏட்டைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
'இதை எழுதினால் துறைமுகத்தில் நிறுத்திவைப்பார்கள்' என்றார்.
அவருக்கும் கண் சிவந்திருந்தது, தூக்கமில்லாமல்.
மையால் எழுதினேன். இருபத்திரண்டு.
நேற்றைய அவருடைய தூக்கம் எத்தனை மணி என்று கேட்டேன்.
பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பெயின்ட் அறையில் தின்னர் இருந்தது.
ஓஸ்காரின் மீசையைத் துடைத்துப் பார்த்தேன்.
முழுதாகப் போகவில்லை.
சாம்பல் நிறத்தில் உதட்டின் மேல் ஒரு கறை.