ஏழு விநாடி

முப்பத்தோரு வருஷமாக
என் விரல் யோசித்ததே இல்லை.
அட்டைத் தடுப்புக்குள் குனிந்தால்
தானாகப் போய் உட்காரும்
நம்ம சின்னத்தில்.

இந்த முறை நம்ம வேட்பாளர் சாத்தையா,
புதுவயல் ரோட்டு மில்காரர்.
போன ஐப்பசியில் அவர் மில் கழிவு
ஊருணியில் கறுப்பாய் இறங்கியபோது
நோட்டீஸ் அடித்தோம்:
‘தண்ணீரில் குறையொன்றுமில்லை.’
அச்சாபீசில் உட்கார்ந்து
ஒற்றெழுத்துப் பிழை திருத்தியவன் நான்.

அந்தக் கட்சி உமையாள்
மருந்துக்கடைக்காரி.
மேடைப்பேச்சு வராது,
மைக்கைப் பிடித்தால் இருமல்.
சிரங்கு வந்த பிள்ளைகளின் பெயரை
கடன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி
சிவகங்கைக்கு பஸ் ஏறியவள்.
நாற்பத்து மூன்று பெயர்.
பதினேழாவது என் மகள்.

அழுத்தினேன்.
கண்ணாடிக்குள் அவர்கள் சின்னம்
ஏழு விநாடி நின்று
என்னைப் பார்த்தது.
அறுந்து விழுந்ததும்
பீப் என்றது, ஊருக்கே கேட்கும்படி.
கரைவேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு
வெளியே வந்தேன்.

எண்ணிக்கையில்
நம்ம பூத்தில் மட்டும்
இருநூற்றுப் பன்னிரண்டு குறைந்தது.
நான் ஒருத்தன்தான் என்றிருந்தேன்.
டீக்கடையில் அன்றைக்கு
எல்லோரும் அவரவர் கிளாசையே
பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றியம் போனில் கத்தினார்:
“எந்தத் தெருய்யா கவுத்துச்சு?”
“மேலத்தெருதாண்ணே.”

மேலத்தெருவில் பதினோரு வீடு.
முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
இரண்டிலும் பூட்டு.
கல்யாணம் காட்சி என்றால்தான்
சென்னையிலிருந்து சாவி வரும்.

“குறிச்சுக்கிட்டேன்” என்றார்.