எடைமேடைக் கிராணி

முதலில் போனது வாசனை.
செம்பனை ஆலையின் புளித்த புகையில்
சுங்கை சிப்புட்டே மூக்கைப் பொத்த,
"ஆலைய சுத்தம் பண்ணிட்டானுங்க போல" என்றேன்.
பவளக்கொடி ஒரு மாதிரி பார்த்தாள்.

அப்புறம் கையெழுத்து.
இருபத்தாறு வருஷம் லாரி எண் எழுதிய கை
பதினேழு டன்னை எறும்பாய் எழுதியது.
மானேஜர் தன் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டார்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் நோராய்னி
மருந்துச்சீட்டின் முதுகில் மூளை வரைந்தார்.
முந்திரிக்கொட்டை மாதிரி இருந்தது.
ஆழத்தில் பேனாவால் ஒரு புள்ளி:
இங்கே கறுப்பாய்த் துளி இடம்,
அது வெளுத்துக்கொண்டே வருகிறதாம்.

எனக்குப் புரிந்தது என் பாஷையில்.
உள்ளே ஒரு தடுப்புக்கட்டை,
எப்போதும் இறங்கியே கிடக்கும்.
அசைவு ஒவ்வொன்றும் வந்து ஹாரன் அடிக்கும்.
ஒருத்தன் பார்த்து, சரி போ என்று தூக்கிவிடுவான்,
ஒரு காலுக்கு, கண்சிமிட்டலுக்கு,
பேரன் போட்டோவைப் பார்த்து வரும் சிரிப்புக்கு.
அந்தக் கிராணிக்கு இப்போது
சம்பளம் சரியாய்ப் போய்ச் சேர்வதில்லை.

நேற்று ஒட்டுக்கடை வாசலில்
கால் ஆணியடித்து நின்றுவிட்டது.
பின்னால் மூன்று பேர்.
மனசு உள்ளே போய் உட்கார்ந்து
தே தாரிக்கும் சொல்லியாகிவிட்டது;
உடம்பு மட்டும் வெளியே, வரிசையில்.

பவளக்கொடி தன் குடையைக்
குறுக்கே கிடத்தினாள்.
"தாண்டுங்க."

தாண்டினேன்.

நடக்கத்தான் அனுமதி வேண்டும் போல.
தாண்டுவதற்கு வேறு பாதை,
லாரிக்காரன் கண்டுவைத்த தோட்டத்துச் செம்மண் தடம்.

இன்று படுக்கையிலிருந்து குளியலறை வரை
பதினோரு சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறாள்.
ஒவ்வொரு கோட்டிலும்
என்னை நானே நிறுத்து
அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.