எடைமேடையில் ஓர் இன்னிசை வெண்பா

பீடோருக்கு வெளியே, செம்பனை மில்லின் எடைமேடை.
பதினெட்டு வருஷமாய் இதுதான் வேலை:
லோரி ஏறினால் ஓர் எண், குலை இறக்கி
மறுபடி ஏறினால் வேறோர் எண்.
கழித்தால் மீதி, பழம்.

நேற்று மழை. வரிசை ரோட்டுவரை.
குணாளன் நீட்டிய டிக்கெட்டின் முதுகில்
எண்ணெய்ப் பெருவிரல் ரேகையோடு:

    சேற்றில் அமிழ்ந்ததே சீமானின் ஜீப்பங்கே
    நாற்றக் குளம்விட்டு நாலுகால் வந்திழுக்கத்
    தூற்றிய மேனேஜர் தொப்பி கழற்றினார்
    எருமைக்கும் உண்டே பெயர்

எஸ்.பி.எம்முக்கு மனனம் செய்த யாப்பு;
மூளை விட்டாலும் பென்சில் விடவில்லை.
சேற், றில்: தேமா.
அமிழ்ந், ததே: கருவிளம்.
சேற்று, நாற்று, தூற்று என்று
மூன்றடிக்கும் ஒரே சகதி, நல்ல எதுகை.
சேற்றுக்குச் சீமான் மோனை,
தூற்றலுக்குத் தொப்பி.
தனிச்சொல் இல்லை. போகட்டும், இன்னிசை.

நாலாம் அடி வாசலில் கால் இடறியது.
கழற்றினார், விளம்.
விளத்துக்குப் பின் நேர் வரணும்;
வந்து நிற்பது எரு, நிரை.
வெண்பாவுக்குள் ஆசிரியத்தளை
கொம்போடு நுழைந்திருந்தது.
எதுகையும் அங்கேதான் கயிற்றை அறுத்துக்கொண்டது.

காலி லோரியோடு திரும்பி வந்தான்.
“மாட்டுக்கும்னு மாத்து, தளை சரியாயிடும்.”
“மாடு வேறக்கா. இழுத்தது எருமை.”
“சரி, பெயர் உண்டேங்கிற. பெயர எங்க?”

ஆபீஸ் பக்கம் பார்த்தான்.
கதவுவரை காய்ந்த சேற்றோடு ஜீப்.
கண்ணாடித் துவாரத்தில் வாய் வைத்துச் சொன்னான்,
லயத்துப் பிள்ளைகள் எருமைக்கு வைத்த பெயரை.

பழக்க தோஷம், அதையும் அறுத்தேன்:
நேர், நேர். தேமா.
கழற்றினாருக்குப் பின்
எருமை நின்ற இடத்தில்
தளை தட்டாமல் நிற்கும்.

“பொருந்துதே, குணா!”
“தெரியும்க்கா.
பொருந்துச்சுன்னா லோரிச் சாவி போயிடும்.”

பின்னால் ஹாரன்.
இருபத்தாறு டன் நானூறு.
டிக்கெட்டை டிராயரில்
ஸ்டேப்ளருக்கு அடியில் தள்ளினேன்.

ஆறு மணிக்கு மேனேஜர் கணக்குப் பார்க்க வந்தார்.
தொப்பியைக் கழற்றி
என் மேசைமேல் வைத்தார்.
கையெழுத்துக்கு முழுப்பெயர் கேட்கும் பாரம் ஒன்று;
நானே நிரப்பித் தரச் சொன்னார்.
முதல் சீரை எழுதும்போது
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.