நிறை

மாங்குளத்தில், கல்லுடைக்கும் ஆலைக்குப் பின்னால்,
விடிய மூன்றரைக்கு ஆட்களை நிறுப்பது என் வேலை.
வானத்தின் விளிம்புக்குப் போகிறவர்கள்
முதலில் என் தராசில் ஏற வேண்டும்.

ஒருவரும் தங்கள் நிறையை உள்ளபடி சொல்வதில்லை.
படிவத்தில் எழுபது, தட்டில் எழுபத்தாறு.
சப்பாத்து, கைபேசி, பொக்கற்றில் ஒளித்த விபூதிச் சரை,
ஒரு ஜெர்மன்காரி கழற்ற மறுத்த ஆறு வெள்ளிக் காப்பு.
எல்லாம் எழுதுவேன்.
ஒரு கிலோ கூடினால்
மணல் மூட்டையில் ஒரு கிலோ அள்ளி வெளியே கொட்டுவேன்.

முப்பது கிலோமீற்றர். ஏற இரண்டு மணித்தியாலம்.
அங்கே பகலிலும் வானம் கறுப்பாம்.
நான் போனதில்லை.
ஒரு சீற்றின் விலை என் பதினொரு வருடச் சம்பளம்.
கணக்குப் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

சோளகம் பிடித்தால் பிழைப்பில்லை.
அதற்கு முன், பங்குனியில்,
காற்று மூச்சுப் பிடித்து நிற்கும் விடியலில் வாயு ஏற்றுவோம்.
அது நிமிர நிமிர மயில்கள் வாயடைத்துப் போகும்.
முதல் நாள்,
மேலே ஏதோ வெள்ளையாக மிதப்பதைக் கண்டு
சமையலுக்கு நின்ற கனகாம்பிகை அக்கா
அடுப்பை அணைத்துவிட்டுப் பாலைமரத்தடிக்கு ஓடினார்.
பிறகு தானே சிரித்தார்.
நாங்கள் சிரிக்கவில்லை.

போன சனிக்கிழமை ஸ்காபரோவிலிருந்து ஒருவர்.
இரத்தினவடிவேல். லொறி ஓட்டி ஓய்ந்தவர்.
தட்டில் அறுபத்தெட்டு அறுநூறு.
படிவத்திலும் அறுபத்தெட்டு அறுநூறு.
நிமிர்ந்து பார்த்தேன்.
"மூண்டுதரம் நிறுத்துப் பாத்தனான் பிள்ளை.
ஏத்தாமல் விட்டிடுவியளோ எண்டு பயம்."

மற்றவர்கள் பூமியின் வளைவைப் பார்க்க வந்தவர்கள்.
இவர் இரண்டு ஏக்கர் தென்னங்காணி பார்க்க வந்தவர்.
காணி முகாமுக்குள்.
றோட்டில் நின்றால் பச்சைத் தகரம் மட்டும்.
"மேலை வேலி இல்லைத்தானே" என்றார்.

அந்த உயரத்தில் இரணைமடு
உடைந்த கண்ணாடிச் சில்லு.
நந்திக்கடல் ஒரு நகக்கீறல்.
தென்னை தெரியாது. எனக்குத் தெரியும்,
பயணப் படங்களைத் தரம் பிரிப்பதும் நான்தான்.
சொல்லியிருக்கலாம்.
மணலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு, ஒட்டுசுட்டானுக்கு இப்பால்,
ஒரு கச்சான் தோட்டத்தில் இறங்கினார்கள்.
துரத்திப் போன எங்கள் பிக்கப் வாய்க்காலில் புதைய
கடைசி அரைக் கட்டை நடந்தோம்.
தோட்டக்காரி தவமலர்
நசிந்த செடிகளை எண்ணி முடித்திருந்தாள்:
இருநூற்றுப் பதினாலு.
பிரெஞ்சுத் தம்பதி கட்டிப்பிடித்து அழுதார்கள்.
பூமியில் கோடே இல்லை என்றார்கள்.
மொழிபெயர்த்துச் சொன்னேன்.
தவமலர் சரிந்து கிடந்த எல்லைக் கட்டையைக் காட்டி
"ஓம், அதையும் முறிச்சுப்போட்டினம்" என்றாள்.

இரத்தினவடிவேல் வரம்பில் இருந்தார்.
"கண்டனான்."
தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன்.
"கிணறு கிடக்கு. துலா இல்லை.
வடக்காலை நாலு தென்னை குறையுது."
நாலு.
ஐந்து என்றிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

இறங்கியவர்களையும் நிறுக்க வேண்டும், அது விதி.
அறுபத்தெட்டு இருநூறு.
குறைந்த நானூறு கிராமுக்கு நேரே
"நீரிழப்பு" என்று எழுதினேன்.

பலூனின் தோலைச் சுருட்டி ஏற்றும்போது
ஒரு பெரிய துண்டைக் காணவில்லை.
நிறுவனத்தின் கடிதத்தோடு இன்று போனேன்.
தவமலரின் ஆட்டுக்கொட்டிலுக்கு மேலே
நாலு மூலையும் இழுத்துக் கட்டி,
நடுவில் தண்ணீர் தேங்காமல் ஒரு முட்டுக் கொடுத்து
அது நின்றது.
தறப்பாள் கட்ட அவளுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை.
எனக்கும்தான். ஒரு முடிச்சு இளகியிருந்தது,
இறுக்கிவிட்டேன்.

"எத்தினை கிலோ வரும்?" என்று கேட்டாள்.
"பன்னிரண்டு."

கடிதம் இன்னும் என் பையில்.
பதிவேட்டில் பன்னிரண்டு கிலோ குறைகிறது.
காற்று என்று எழுதியிருக்கிறேன்.