ஏழுகண் மதகு

நூலகம் என்பது எங்களுக்கு
சத்துணவு அரிசி மூட்டைக்கும் உடைந்த கேரம்போர்டுக்கும் நடுவே
ஒரு இரும்பு பீரோ.
கஜாவில் நனைந்து காய்ந்த இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்.
பக்கம் திருப்பினால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.
கதவு பூட்டாது,
சைக்கிள் ட்யூப்பால் கட்டியிருக்கிறோம்.

ஏழாம் வகுப்புக்கு ஆய்வுத் திறன் வளர்க்கவும் என்று
வட்டார வள மையத்திலிருந்து தாள் வந்தது.
கூகுளில் பார்க்கலாமா டீச்சர் என்றார்கள்.
கூகுளுக்கு நம் ஊர்
மன்னார்குடி போகும் வழியில் ஒரு வளைவு.

அஸ்ரின்தான் கேட்டாள்:
ஏழுகண் மதகு என்கிறோம்,
தினமும் அதன் மேல்தான் வருகிறேன்,
ஐந்துதானே இருக்கிறது?

கோடு போட்ட நோட்டில் மூன்று பத்தி பிரித்தோம்.
சொன்னது யார்.
எங்கே.
நேரில் பார்த்தாரா.

பீரோவில் அட்டையில்லாத மாவட்ட வரலாறு ஒன்று
ஆறு என்றது, நூற்றுப் பதினான்காம் பக்கத்தில்.
அந்தப் பக்கத்துக்கு வழி
புத்தகத்தின் வாலில் இருக்கும் சொல்லடைவு என்று
கண்டுபிடித்தவன் பாலமுரளி.
பிறகு மணி அடிக்கும்வரை
பா வரிசையில் விரலை ஓட்டித் தன் பெயரைத் தேடினான்.
பாமணியாறு, பாய், பாலம்,
அடுத்தது பாளையம்.
நடுவில் ஒரு பென்சில் புள்ளி வைத்துவிட்டு எழுந்தான்.

ஊராட்சிப் பலகை: ஏழு.
மதகின் கல்வெட்டு: மேலே கட்சிச் சின்னம், படிக்க முடியவில்லை.
லஸ்கர் சிகாமணி:
எனக்குக் கொடுத்த ஷட்டர் சாவி அஞ்சு,
மிச்சத்தை ஆபீசுல கேளு.
ஆபீசில்: திங்கட்கிழமை வாங்க.
திங்கட்கிழமை ஆபீசில்: பூட்டு.

நானும் சும்மா இருக்கவில்லை.
ஏதோ ஒரு வெள்ளத்தில் இரண்டு கண் உடைந்து
அடைத்துவிட்டார்கள் என்றேன்,
வகுப்பு அமைதியாக இருக்கட்டுமே என்று.
மறுநாள் நிஷாந்தினியின் நோட்டில்
சொன்னது: டீச்சர்.
எங்கே: ஏழாம் வகுப்பு.
பார்த்தாரா: இல்லை.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
அந்த வரிக்கு ஒரு டிக் போட
மதிய உணவு முடியவேண்டியிருந்தது.

மேட்டூர் திறந்து பதினெட்டாம் நாள்
நுரையும் சாம்பார் பொட்டலமும் முன்னே வர
எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது.
வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு எல்லோரும் கரையில்.
ஐந்து கண்ணிலும் புகுந்து ஐந்திலும் வெளிவந்தது.
யாரும் எதுவும் பேசவில்லை.
டீக்கடை சிமெண்டு மேடையின் ஓரம்
ஒரு குமிழி, இன்னொரு குமிழி.

கடைக்காரர் ஏய் ஏய் என்பதற்குள்
அஸ்ரின் மேடையில் குப்புறப் படுத்து
காதை வைத்துவிட்டாள்.
ஓடுது டீச்சர்.
உள்ள ஓடுது.

அப்புறம் சண்டை வந்தது.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?
பார்த்தாரா என்றால் இல்லை.
பொய்யா என்றால் அதுவும் இல்லை.
பாலமுரளி ஸ்கேலை வைத்து
நாலாவது கோடு ஒன்று இழுத்தான்,
கொஞ்சம் கோணலாக.

பதினான்கு பக்கம், கோணி ஊசியால் தைத்தோம்.
பார்த்தவை ஐந்து, கேட்டது ஒன்று,
ஏழாவது எங்களுக்குத் தெரியவில்லை
என்று முடித்தார்கள்.
முடிவுரை இல்லையே என்றார் மேற்பார்வையாளர்.
அதுதான் சார் அது என்றேன்.
பீரோவில் வைத்தோம். வரிசை எண் இருநூற்றுப் பதிமூன்று.

இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் எவனோ
எடுத்துப் படித்திருக்கிறான்.
கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலில்:
நானும் காதை வைத்தேன்.
அது கடை ஃபிரிட்ஜ் சத்தம்.

பள்ளிச் சொத்தில் கிறுக்கல், அழித்துவிடுங்கள்
என்றார் தலைமையாசிரியர்.
ரப்பர் தீர்ந்துவிட்டது என்றேன்.
பிறகு சாயங்காலம்
பஸ்ஸை விட்டுவிட்டு
டீக்கடைக்குப் போய்
ஃபிரிட்ஜைக் கொஞ்சம் அணைக்க முடியுமா
என்று கேட்டேன்.